ஒரே குடும்பம், நான்கு வழக்குகள்: கிரிமினல், குடும்பநல வழக்குகளில் தொழில் தொடங்கும் இளம் வக்கீல்களுக்கு

தமிழ்நாட்டில் மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் தொழில் செய்பவர்களுக்குக் கிரிமினலும் குடும்பநலமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஒரு கணவன் மனைவி சண்டை முற்றினால் மகளிர் காவல் நிலையத்தில் ஒரு குற்ற எண், மாஜிஸ்திரேட்டிடம் குடும்ப வன்முறைச் சட்ட மனு, ஜீவனாம்ச வழக்கு, விவாகரத்து மனு என நான்கு கோப்புகள் விழும். குழந்தை இருந்தால் ஐந்து. இவற்றைத் தனித்தனி வழக்காக நடத்துகிறவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு நீதிமன்றத்தில் நீங்கள் எழுதியதை எதிர்த்தரப்பு வக்கீல் சான்றிட்ட நகல் எடுத்து, இன்னொரு நீதிமன்றத்தில் உங்கள் கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

பதிவும் முதல் மூன்று ஆண்டுகளும்

சட்டப் பட்டம் பெற்றதும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்லும் பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு மொத்தம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் பதிவுக்கென்று வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் கௌரவ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. பதிவு செய்த இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். குறிப்பு எழுதாத வெறும் சட்டப் புத்தகங்களைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோகலாம். ஆகவே பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். அவர் விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்கிறாரா, ஜூனியரை மனு எழுத விடுகிறாரா என்று பாருங்கள். ஜாமீன் மனுக்களை மட்டும் நடத்தும் அலுவலகத்தில் ஐந்து ஆண்டு இருந்தாலும் ஒரு சாட்சியை எப்படிக் கேட்பது என்று தெரியாமலே வெளியே வரலாம். ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. நடைமுறை எல்லா அலுவலகத்திலும் அப்படி இல்லை. சேரும்போதே வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், சிவில் நீதிபதி பணிக்கு மூன்று ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மீண்டும் கட்டாயமாக்கியிருப்பதைக் கணக்கில் வையுங்கள். ஆஜரான வழக்குகளின் பட்டியலை முதல் நாளிலிருந்தே எழுதி வைத்தால் பிறகு அலைய வேண்டாம்.

இரண்டு எண்களும் தெரிந்திருக்க வேண்டும்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் ஆகிய மூன்றும் நடைமுறையில் உள்ளன. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதனால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு எண்களும் புழங்கும். வராண்டாவில் இன்றும் "317 போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள் (கட்சிக்காரர் அன்று நேரில் வராததை மன்னிக்கக் கோரும் மனு அது), மனுவில் 355 என்று எழுத வேண்டும்.

குற்றவியல் நடைமுறையில் அன்றாடம் தேவைப்படும் பழைய, புதிய பிரிவு எண்கள் இவை. பிணையில் 437 இப்போது 480, முன்ஜாமீன் 438 இப்போது 482, செஷன்ஸ் மற்றும் உயர் நீதிமன்றப் பிணை 439 இப்போது 483. போலீஸ் விசாரணை வாக்குமூலம் 161 இப்போது 180. மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் 164 இப்போது 183. கைதானவரைக் காவலில் வைக்கும் ரிமாண்டு 167 இப்போது 187. ஜீவனாம்சம் 125 இப்போது 144. சாட்சியை மீண்டும் அழைக்கும் 311 இப்போது 348. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் 482 இப்போது 528. 482 என்ற எண் இரண்டு பக்கமும் வருவதைக் கவனியுங்கள். பழைய சட்டத்தில் அது வழக்கை ரத்து செய்ய, புதியதில் முன்ஜாமீனுக்கு. மனு திரும்பி வருவதற்கு இந்தக் குழப்பமே போதும்.

கைது நடந்த நாள்

கட்சிக்காரரின் வீட்டார் போன் செய்ததும் கேட்க வேண்டியவை: எந்த நிலையம், குற்ற எண், பிரிவுகள், எத்தனை மணிக்கு எங்கே பிடித்தார்கள், யாரிடம் தகவல் சொன்னார்கள். கைது நேரத்திலிருந்து, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். போலீஸ் காட்டும் கைது நேரமும் உண்மையில் பிடித்த நேரமும் வேறாக இருந்தால் வீட்டார் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கண்காணிப்புக் கேமரா பதிவு ஆகியவற்றை அன்றே சேகரித்துவிடுங்கள். கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும்.

ரிமாண்டு நேரத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) அறிவிப்பு (கைது செய்யாமல் போலீஸ் முன் ஆஜராகச் சொல்வது) தரப்பட்டதா, தராமல் கைது செய்ததற்குக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா? 2014-ல் வந்த அர்னேஷ் குமார் தீர்ப்பு இதற்குத்தான், அதுவும் ஒரு வரதட்சணை வழக்கில் வந்தது. அடுத்து, கைதுக்கான காரணங்கள் எழுத்தில் தரப்பட்டனவா? மூன்றாவது, உடலில் காயம் இருக்கிறதா? இருந்தால் கட்சிக்காரரே மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போது வாயைத் திறக்காமல் பிறகு மனுவில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

பிணை மனு

குற்ற எண், நிலையம், பிரிவு, கைதான தேதி, ரிமாண்டு தேதி, இதற்கு முன் போட்ட பிணை மனுக்களின் எண்ணும் முடிவும் மனுவில் கட்டாயம் இருக்க வேண்டும். முந்தைய மனுவை மறைத்து இன்னொரு நீதிமன்றத்தில் போடுவது பெரிய ஆபத்து. வேறு வக்கீல் ஏற்கெனவே போட்டிருக்கிறாரா என்று வீட்டாரிடம் கேட்டு, வழக்கு விவரம் தரும் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் தேடிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பதற்றத்தில் ஒரே குடும்பம் இரண்டு வக்கீல்களிடம் வக்காலத்து கொடுப்பது சாதாரணம்.

உத்தரவு கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. இங்கே பெரும்பாலும் இரண்டு ஜாமீன்தாரர்கள் கேட்பார்கள். புகைப்படம், இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கிப் புத்தக நகல் தேவைப்படும். ஜாமீன்தாரர் கடைசி நேரத்தில் பின்வாங்குவதால் உத்தரவு கையில் இருந்தும் ஆள் உள்ளேயே கிடப்பதுண்டு. மூன்றாவதாக ஒருவரைத் தயாராக வைத்திருங்கள். முன்ஜாமீன் உத்தரவில் இத்தனை நாளுக்குள், பெரும்பாலும் 15 நாளுக்குள், மாஜிஸ்திரேட் முன் ஆஜராகிப் பிணைப்பத்திரம் தர வேண்டும் என்று இருக்கும். அந்த நாளைக் கடந்தால் முன்ஜாமீன் தானாகவே போய்விடும்படி உத்தரவு எழுதப்படும். தினமும் காலை 10.30-க்கு நிலையத்தில் கையெழுத்திடும் நிபந்தனையைக் கட்சிக்காரருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

குற்றப்பத்திரிகை குறித்த நாளுக்குள் வராவிட்டால் கிடைக்கும் சட்டப்படியான கட்டாயப் பிணையில் நாள் கணக்குத்தான் எல்லாம். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். தண்டனை "பத்தாண்டு வரை" என்று மட்டும் இருந்தால் 60 நாளே என்பது 2017-ல் ராகேஷ் குமார் பால் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பு. ரிமாண்டு செய்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. மார்ச் 1 ரிமாண்டு என்றால் 60-ஆம் நாள் ஏப்ரல் 29. அன்றும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஏப்ரல் 30 காலை, முதல் வேலையாக மனு பதிவாக வேண்டும். நீங்கள் மதியம் வரை காத்திருந்து, காலையிலேயே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போயிற்று. போதைப்பொருள் வழக்கில் வணிக அளவு என்றால் 180 நாள். கஞ்சாவுக்கு அந்த அளவு 20 கிலோ. எடை எவ்வளவு, எப்படி எடுத்தார்கள் என்பதை முதல் நாளே பார்ப்பது இதனால்தான்.

குற்றப்பத்திரிகையைப் படிப்பது

நகல்கள் கிடைத்ததும் முதலில் பக்கங்களை எண்ணி, பட்டியலில் உள்ள ஆவணங்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். படிக்க முடியாத நகலை வாங்கிக்கொண்டு "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்திட்டுவிடாதீர்கள். விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் விடுவிப்பு மனுவுக்குப் புதிய சட்டம் 60 நாள் கெடு வைத்திருக்கிறது. செஷன்ஸ் வழக்கில் கமிட்டல் ஆன (மாஜிஸ்திரேட் வழக்கை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பிய) நாளிலிருந்தும், மாஜிஸ்திரேட் விசாரிக்கும் வாரண்டு வழக்கில் நகல் தந்த நாளிலிருந்தும் அது ஓடும்.

பிறகு ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். சாட்சியின் பெயர், 180 வாக்குமூலத்தில் சொன்னது, 183 வாக்குமூலம் இருந்தால் அதில் சொன்னது, மகஜரிலும் (சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் பதிவு) மருத்துவச் சான்றிலும் பொருந்துவது, பொருந்தாதது. முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர்ந்த தேதியும் நேரமும் அதன்மேலேயே எழுதப்பட்டிருக்கும். அதை மறக்காமல் குறியுங்கள். நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் நடந்து போகிற தூரம், ஆனால் அறிக்கை மறுநாள் மாலை வந்திருக்கிறது என்றால் இடையில் என்ன நடந்தது என்று விசாரணை அதிகாரி விளக்க வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் காயம்பட்டவர் டாக்டரிடம் முதன்முதலில் என்ன சொன்னார் என்பது இருக்கும். "தெரிந்த இரண்டு பேர்" என்று அங்கே சொன்னவர் புகாரில் ஆறு பேரைப் பெயரோடு சொன்னால் நான்கு பேருக்கு அதுதான் வாதம்.

குறுக்கு விசாரணையில் முரண்பாடு எடுப்பது

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. சாட்சி முதல் விசாரணையில் "அரிவாளால் வெட்டினான்" என்கிறார், 180 வாக்குமூலத்தில் "கட்டையால் அடித்தான்" என்றிருக்கிறது. அதை வாதத்தின்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் பயனில்லை. போலீஸ் வாக்குமூலம் தானாகச் சாட்சியம் ஆகாது. சாட்சி கூண்டில் இருக்கும்போதே அந்த வரியைப் படித்துக் காட்டி, அப்படிச் சொன்னாரா என்று கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அந்த மறுப்பு பதிவாக வேண்டும். பிறகு விசாரணை அதிகாரி வரும்போது, இந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா என்று கேட்டு நிரூபிக்க வேண்டும். முதல் படியை விட்டுவிட்டால் இரண்டாவதைக் கேட்க முடியாது. விடுபட்ட விஷயமும் முக்கியமானதாக இருந்தால் முரண்பாடாகும். அதற்கும் இதே வழிதான்.

"ஏன்?" என்று கேட்காதீர்கள். சாட்சி விளக்கம் சொல்ல நீங்களே வாசல் திறந்துவிடுவது அது. உங்கள் தரப்பு என்ன என்பதைச் சாட்சியிடம் வைத்தே தீர வேண்டும். "முன்விரோதத்தால் பொய்யாகச் சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல" என்று வாக்குமூலத்தில் பதிவாகும் அந்த வரிதான், நீங்கள் உங்கள் கதையைச் சாட்சியிடம் வைத்ததற்கு ஆதாரம். வைக்காமல் விட்ட கதையை வாதத்தில் புதிதாகக் கொண்டுவந்தால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, இதைச் சாட்சியிடம் கேட்டீர்களா என்பதாகவே இருக்கும்.

குடும்பநல வழக்கு: முதல் சந்திப்பு

அழுகையும் கோபமும் கலந்துதான் பேச்சு வரும். ஒரு மணி நேரம் பேச விடுங்கள். அதன்பிறகு பட்டியல் கொடுங்கள்: திருமண அழைப்பிதழ், புகைப்படம், பதிவுச் சான்று, இருவரின் முகவரிச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், சீர் நகைகளின் பட்டியலும் அவை இப்போது யாரிடம் என்பதும். சுயமரியாதைத் திருமணம் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7-ஏ பிரிவு பொருந்தும். புரோகிதர் இல்லை என்று யாரும் ஆட்சேபிக்க முடியாது.

ஏற்கெனவே எங்கெல்லாம் புகார், மனு கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். புகாரைப் பெற்றதற்கு நிலையத்தில் தந்த சி.எஸ்.ஆர். ரசீது, சமரசம் என்று எழுதிக் கொடுத்த தாள் உட்பட எல்லாவற்றின் நகலும் வேண்டும். இங்கேதான் ஆரம்பத்தில் சொன்னது கடிக்கும். முன்ஜாமீன் மனுவில் கணவர் "சொந்தத் தொழில், நிலையான வருமானம், ஊரில் மதிப்புள்ள குடும்பம், மனைவியோடு வாழத் தயார்" என்று எழுதியிருப்பார். அடுத்த மாதம் ஜீவனாம்ச வழக்கில் "கூலி வேலை" என்றும், விவாகரத்து மனுவில் "சேர்ந்து வாழவே முடியாது" என்றும் எழுதுவார். மனைவி தரப்பிலும் அப்படித்தான். ஜீவனாம்சத்தில் "வருமானம் எதுவும் இல்லை", குழந்தை மனுவில் "நல்ல வேலையில் இருக்கிறேன், நானே வளர்ப்பேன்". எந்த மனு எழுதும் முன்னும் மற்ற நான்கையும் மேஜையில் விரித்து வையுங்கள். தேதி, தொகை, இடம் மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எந்த நீதிமன்றம்

இந்து திருமணச் சட்டத்தில் திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் மனு போடலாம். மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது வசிக்கும் இடத்திலும் போடலாம். குடும்பநல நீதிமன்றம் இல்லாத ஊரில் மனு சார்பு நீதிமன்றத்துக்கும், ஜீவனாம்சம் மாஜிஸ்திரேட்டிடமும் போகும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மனு மாஜிஸ்திரேட்டிடம். மனைவி தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம். குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது கட்சிக்காரரின் உரிமை அல்ல என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே வக்கீல் மூலம் நடத்த அனுமதி கேட்கும் மனுவையும் சேர்த்தே போடுவது வழக்கம்.

திருமணமாகி ஓராண்டு ஆகாமல் விவாகரத்து மனு போட நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி வேண்டும். கைவிடுதல் காரணம் என்றால் மனு போடும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கொடுமை என்றால் "மன உளைச்சல் தந்தார்" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, தேதியும் இடமும் பார்த்தவரும் உள்ள ஐந்தாறு சம்பவங்கள் போதும். நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு, குறிப்பாக நடத்தையைப் பற்றியது, உங்கள் கட்சிக்காரர் செய்த கொடுமையாகவே திரும்பிவரும்.

ஜீவனாம்சத்தில் இரு தரப்பும் சொத்து, கடன் பற்றிய பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். இரண்டும் 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி. உத்தரவுக்குப் பிறகு பணம் வரவில்லை என்றால் ஒவ்வொரு தொகையும் தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். "மொத்தமாகச் சேரட்டும்" என்று விட்டுப் பழைய மாதங்களை இழந்தவர்கள் ஏராளம்.

வாட்ஸ்அப், ஒலிப்பதிவு போன்றவற்றைத் தாக்கல் செய்யப் புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியத்தின் 63(4) சான்று வேண்டும். புதிய படிவத்தில் இரண்டு பாகம் உண்டு. ஒன்றில் சாதனம் வைத்திருப்பவரும் மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் விபோர் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மூலக் கைபேசியை விற்றுவிடவோ அழித்துவிடவோ வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

பரஸ்பர சம்மதம்: எளிது போலத் தெரிவது

ஓராண்டு பிரிந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில், இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்கும் மனு போடலாம். முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தக்க வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்பது 2017-ல் வந்த அமர்தீப் சிங் தீர்ப்பு. சிக்கல் பணத்திலும் கிரிமினல் வழக்கிலும் இருக்கிறது. தீர்ப்பாகும் நாள் வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் முழுத் தொகையையும் முதல் நாளிலேயே கொடுத்துவிட்டால் கணவர் தரப்பு மாட்டும். கடைசிவரை ஒன்றும் வாங்காவிட்டால் மனைவி தரப்பு மாட்டும். முதல் மனுவின்போது ஒரு பகுதி, இரண்டாம் கட்டத்தில் ஒரு பகுதி, கிரிமினல் வழக்கு முடியும்போது மீதி என்று வங்கி வரைவோலையாகப் பிரித்து ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பழைய 498-ஏ, இப்போதைய 85-ஆம் பிரிவு, சமரசம் செய்துகொண்டு நீதிமன்றத்திலேயே முடிக்கக்கூடிய குற்றமல்ல. சென்னையிலோ மதுரைக் கிளையிலோ 528-ன் கீழ் ரத்து மனு போட்டு, புகார்தாரர் சம்மதப் பிரமாண வாக்குமூலம் தந்தால்தான் முடியும். அதற்கு அவர் ஒத்துழைப்பார் என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதாமல், "எல்லா வழக்குகளும் வாபஸ்" என்று பொதுவாக எழுதினால் மாமியாரின் பெயர் ஆண்டுக்கணக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் நிற்கும். சம்மத மனு என்றாலும் இரு தரப்புக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். நாளை ஒருவர் மாறினால் நீங்கள் யாருக்கும் ஆஜராக முடியாது.

கட்டணம், கோப்பு, டைரி

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுத்தில் சொல்லுங்கள்: பிணை, குற்றச்சாட்டு வனைதல், சாட்சி விசாரணை, வாதம். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு பேசக் கூடாது. வெற்றியோடு கட்டணத்தைக் கட்டுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. விளம்பரமும் செய்யக் கூடாது. கட்டணம் பாக்கி என்று கோப்பைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆரம்பத்தில் வழக்குகள் குறைவாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெயர் கொடுங்கள். பணம் குறைவு, ஆனால் முழு விசாரணை நடத்தும் வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது.

வாய்தாத் தேதியை நீதிமன்ற அறையிலேயே டைரியில் எழுதி, இரவு ஈ-கோர்ட்ஸில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண் போட்டுச் சரிபாருங்கள். ஒரு தேதி தவறினால் கிரிமினலில் பிடிவாரண்டு. குடும்பநலத்தில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, அதை நீக்க 30 நாள்தான். பிடிவாரண்டைத் திரும்பப் பெறும் மனுவுக்குக் கட்சிக்காரரையும் அழைத்து வாருங்கள். ஆள் இல்லாத மனுவைப் பெரும்பாலான மாஜிஸ்திரேட்கள் கேட்பதில்லை.

தீர்ப்பு நாளன்று குற்றவாளி என்று வரக்கூடும் என்பதற்கும் தயாராகப் போங்கள். தண்டனை மூன்று ஆண்டுக்கு மேற்படாமல், கட்சிக்காரர் பிணையில் இருந்தால், மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்திவைக்கும்படி அதே நீதிமன்றத்திடம் அன்றே கேட்கலாம். அதற்கான மனுவை முன்கூட்டியே தட்டச்சு செய்து, இரண்டு ஜாமீன்தாரர்களை ஆதாரோடு வராண்டாவில் உட்கார வையுங்கள். சான்றிட்ட நகலுக்கான விண்ணப்பமும் அன்றே போட வேண்டும். மாஜிஸ்திரேட் தீர்ப்பின் மேல் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், செஷன்ஸ் தீர்ப்பின் மேல் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், குடும்ப வன்முறை உத்தரவின் மேல் 30 நாள். நகல் எடுக்க ஆகும் நாள்கள் இதில் கழியும், ஆனால் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்துதான்.